ஈயம் போன ஜாம் சட்டி

1

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு பெரியகுளத்திலிருந்து என் தங்கை வசந்தி போன் செய்தாள். அவள் வீட்டுக் கொய்யா மரம் இந்த வருடம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறதாம். தெருவுக்கே கொடுத்தும் தீரவில்லையாம். நான்தான் வருடா வருடம் ஜாம் கிண்டுகிறவள் ஆயிற்றே, வீட்டில் ஜாம் போட என்னென்ன சாமான் வேண்டும் என்று ஒரு பட்டியல் எழுதி அனுப்பு என்றாள்.

சாதாரணக் கேள்வி. ஆனால் எனக்கு வந்த கோபத்தில் அப்புறம் பேசுகிறேன் என்று போனை வைத்துவிட்டேன். பாவம், அவள் மேல் ஒன்றும் இல்லை. அவள் கேட்ட நேரம் அப்படி. முந்தின நாள்தான் என் ஜாம் சட்டி பாழாய்ப் போயிருந்தது.

தீபாவளி முடிந்துவிட்டது. கோபம் முடியவில்லை. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள், என் கோபம் ஆறவும் இல்லை, பழசாகவும் இல்லை. அதனால் அந்தப் பட்டியலை அவளுக்கு மட்டும் அனுப்பாமல் ஊரில் இருக்கிற உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். நான் இருப்பது மலேசியாவில், ஜொகூர் மாநிலத்தில், கூலாய் என்கிற ஊரில். கல்யாணமாகி இங்கே வந்தேன். இங்கே பிறந்த மகள் இப்போது வேலைக்குப் போகிறாள். இன்னும் கடைக்குப் போய் வாயைத் திறந்தால் "நீங்க ஊர்க்காரங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். ஊர்க்காரங்க என்றால் இங்கே இந்தியாவிலிருந்து வந்தவர் என்று பொருள். எந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை.

ஜாம் போட முதலில் வேண்டியது சட்டி. அடி கனமாக, வாய் அகலமாக, உயரம் குறைவாக இருக்க வேண்டும். குறுகின வாய் என்றால் ஆவி போகாது, பழம் வெந்து கூழாகி அப்படியே நிற்கும். மெல்லிய அடி என்றால் சர்க்கரை பிடித்துக் கருகும். பழமும் சர்க்கரையும் போட்டபின் சட்டியில் பாதிக்கு மேல் காலியாக இருக்க வேண்டும், கொதிக்கிற ஜாம் பொங்கி ஏறும். இப்படி ஒரு சட்டி என்னிடம் இருந்தது. பித்தளை. இரண்டு பக்கமும் வளையம். உள்ளே ஈயம் பூசியது.

இருந்தது என்றுதான் இனி எழுத வேண்டும்.

2

நீங்கள் ஏதோ என் அம்மா ஜாம் கிண்டின சட்டி என்று நினைத்துவிட வேண்டாம். அம்மா வீட்டில் ஜாம் என்பதே கிடையாது. காய்ச்சல் வந்தால் கடையில் ஒரு பாட்டில் வாங்குவார்கள், ரொட்டிக்குத் தடவ. சட்டி என் சீர்வரிசையில் வந்தது. பாயசம் வைக்கலாம் என்று கொடுத்தார்கள். கப்பலேறி வந்த மாதிரி விமானம் ஏறி வந்து, கூலாயில் அலமாரிக்கு மேல் சும்மா கிடந்தது.

ஜாம் நான் இங்கே கற்றதுதான். அதுவும் கோபத்தில். ஜொகூர் அன்னாசிக்குப் பேர்போன இடம். இங்கே அன்னாசியை நானாஸ் என்பார்கள். தீபாவளிக்கு முறுக்கு இல்லாத வீடு இருந்தாலும் இருக்கும், நானாஸ் தார்ட் இல்லாத தமிழ் வீடு இருக்காது. வெண்ணெய் மாவில் சின்னப் பூவாக வெட்டி, நடுவில் அன்னாசி ஜாமை உருட்டி வைத்துச் சுடுவது. வந்த முதல் வருடம் என் கணவர் மணியத்தின் அக்கா, புஷ்பா அண்ணி, சிகாமட்டிலிருந்து வந்து தார்ட் சுட்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். "உங்களுக்கு அதிரசம்தான் வரும், இதெல்லாம் ஊர்க்காரங்களுக்குச் சரிப்படாது" என்று சிரித்தார். கேலிதான். அவர் சிரித்தால் வீடே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த வாரமே பாசாரில் பழம் வாங்கி, அலமாரி மேலிருந்த பித்தளைச் சட்டியை இறக்கினேன். முதல் தடவை கருகியது. இரண்டாவது தடவை இறுகிக் கல்லானது. மூன்றாவதில் வந்தது. பட்டையும் கிராம்பும் போட்டு, மாலை வெயில் நிறத்தில், விரலில் உருட்டினால் ஒட்டாமல் உருண்டது. அடுத்த தீபாவளிக்கு அண்ணி கடையில் வாங்கின ஜாமை ஓரமாக வைத்துவிட்டு என்னுடையதை எடுத்துக்கொண்டார். அதிலிருந்து வருடா வருடம் ஜாம் என் வேலை, தார்ட் அவர் வேலை. ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. ஆனால் சிகாமட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாராம், எங்க தம்பி பொண்டாட்டி கிண்டுற ஜாம் என்று.

இப்போது ஈயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்கு விளங்காது. பித்தளையில் புளிப்பு ஆகாது. புளிக்குழம்போ தயிரோ பழமோ அதில் கொஞ்ச நேரம் நின்றால் களிம்பு ஏறும். வாந்தி வரும், வயிறு போகும். அதற்காகத்தான் உள்ளே வெள்ளீயம் பூசுகிறோம். பளபளவென்று இருக்காது. புதிதில் வெள்ளி மாதிரி, கொஞ்ச நாளில் சாம்பல் நிறம், அப்புறம் கறுப்புத் திட்டுகள். பார்க்க அழுக்கு மாதிரிதான் இருக்கும். அதுதான் காவல். ஊரில் உங்களுக்கு இது சொல்ல வேண்டியதில்லை. இங்கே சொல்ல வேண்டும். இத்தனைக்கும் இந்த நாட்டில் ஆற்றையும் மலையையும் தோண்டித் தோண்டி எடுத்தது ஈயம்தான். உலகத்துக்கே ஈயம் விற்ற நாடு, என் ஒரு சட்டிக்கு ஈயம் பூச இங்கே ஆள் இல்லை. நானும் ஜொகூர் பாருவரை தேடிப் பார்த்துவிட்டேன்.

ஜாம் கிண்டுகிற சட்டிக்கு ஈயம் இரண்டு மூன்று வருடம் தாங்கும். அது தேயும்போது சட்டியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊருக்குப் போவேன். பெரியகுளம் பாத்திரக் கடைத் தெருவில் கொடுத்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும். சட்டியை நெருப்பில் காய்ச்சி, நவச்சாரம் தூவி, ஈயக் கட்டியை உள்ளே இழுத்து, பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். ஒரு மத்தியான வேலை. அதற்காக நான் மூன்று வாரம் போய் இருந்துவிட்டு வருவேன்.

3

சிரிக்காதீர்கள். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று புலம்பெயர்ந்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இங்கிருந்து ஊருக்குச் சும்மா போக முடியாது. போவதற்குக் காரணம் வேண்டும். கல்யாணம் என்றால் போகலாம். சாவு என்றால் போகலாம். எனக்குச் சிவப்பு ஐசி, அதாவது நிரந்தரவாசி அட்டை, கிடைப்பதற்குள் மகள் கீர்த்தனா பள்ளிக்கூடத்தையே முடித்துவிட்டாள். அதுவரை வருடா வருடம் விசா புதுப்பிக்கக் கணவர் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். குடிநுழைவு அலுவலகக் கவுண்டரில் இருப்பவர் என்னைப் பார்த்துப் பேச மாட்டார். கணவரைப் பார்த்துத்தான் கேட்பார், மனைவி இன்னும் உங்களோடுதான் இருக்கிறாரா என்று. நான் அங்கேதான், ஒரு கை தூரத்தில், எண்ணெய் வைத்துத் தலை சீவி உட்கார்ந்திருப்பேன். கணவர் ஆமாம் என்று சொல்வார். அந்த ஆமாமில் எனக்கு இன்னொரு வருடம் கிடைக்கும்.

கவுண்டரை நான் பொறுத்துக்கொண்டேன், அது சட்டம். வீட்டிலும் அதே கதை என்றால் எப்படி? மணியம் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், செனாயில் தொழிற்சாலை வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வருவார். ஆனால் ஊருக்குப் போக வேண்டும் என்று சொன்னால் முதலில் வருகிற வார்த்தை, "என்னா விசேஷம்?" விசேஷம் ஒன்றும் இல்லை என்றால், "அப்புறம் சும்மா எதுக்குப் போறது?" அம்மா இருந்தவரை அம்மாவுக்கு முடியவில்லை என்று சொன்னேன். அம்மா போனாள். அப்பாவுக்கு முடியவில்லை என்றேன். அப்பாவும் போனார். அதற்குப் பிறகு மணியம் ஒருநாள், கேலியாகக்கூட இல்லை, உண்மையாகவே விளங்காமல் கேட்டார், ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று.

வசந்தி இருக்கிறாளே என்றேன். அவளைத்தான் தினம் வீடியோவில் பார்க்கிறாயே என்றார்.

அப்போது சட்டிதான் கைகொடுத்தது. ஈயம் தேய்ந்துவிட்டது, இனி இதில் ஜாம் கிண்டினால் விஷம் என்றேன். உடனே, "அப்ப போய்ட்டு வா" என்றார். மனிதருக்கு ஊர் விளங்கவில்லை, அம்மா அப்பா இல்லாத வீட்டில் போய் உட்கார்ந்து எழுந்து வரத் தோன்றுவது விளங்கவில்லை. சட்டி ரிப்பேர் விளங்கியது. அதிலிருந்து சட்டிதான் என் விசா. விமான நிலையத்தில் பெட்டியை ஊடுகதிர் பெட்டிக்குள் விட்டால் வட்டமாக என்னமோ தெரியும், திறக்கச் சொல்வார்கள். ஜாம் சட்டி என்று மலாயில் சொன்னால் அந்த அதிகாரிப் பெண் சட்டியைத் தட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

இந்த வருடம் ஈயம் தேய்ந்து திட்டுத் திட்டாய் நின்றது. தீபாவளி ஜாமுக்குத் தாங்கும், அதோடு சரி. டிசம்பர் பள்ளி விடுமுறையில் போவதாக மணியத்திடம் சொல்லியிருந்தேன். நான் தமிழ்ப் பாலர் பள்ளியில் வேலை பார்க்கிறேன், அதனால் விடுமுறையில்தான் நகர முடியும். "பார்ப்போம்" என்றார். பார்ப்போம் என்றால் அவர் அகராதியில் பாதி சரி.

4

புஷ்பா அண்ணி வழக்கம்போல் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே வந்துவிட்டார். வந்தால் சும்மா இருக்க மாட்டார். சாமி அறை விளக்கெல்லாம் புளி போட்டுத் தேய்ப்பார், ஜன்னல் திரையைக் கழற்றித் துவைப்பார், என் மசாலா டப்பாக்களை அவர் வசதிக்கு மாற்றி அடுக்குவார். நான் மாற்றி வைக்க இரண்டு மாதம் ஆகும். எதையும் கேட்டுச் செய்ய மாட்டார். கேட்பது அந்நியர்களின் பழக்கம் என்பது அவர் எண்ணம்.

அன்று நான் பாலர் பள்ளி முடிந்து மத்தியானம் வீட்டுக்குள் நுழையும்போதே ஜாம் வாசம். முந்தின நாள் நான் வாங்கி வைத்திருந்த அன்னாசியை அண்ணியே சீவிக் கிண்டிக்கொண்டிருந்தார். எனக்கு வேலை மிச்சம் என்று ஒரு கணம் சந்தோஷப்பட்டேன் என்றுகூடச் சொல்லலாம். பிறகு அடுப்பைப் பார்த்தேன். சட்டி தகதகவென்று மின்னியது. வெளியே மட்டும் இல்லை. ஜாமுக்கு மேலே தெரிந்த உள்விளிம்பும் தங்கம் மாதிரி மின்னியது.

அண்ணி திரும்பி, முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தியா? அஞ்சாறு இரும்பு நார் போச்சு. என்னா கறுப்பு அது, உள்ளயெல்லாம் அப்பிக்கிட்டு. தேய்க்கத் தேய்க்க வருது. கையி ரெண்டும் விட்டுப்போச்சு" என்றார்.

நான் பையைக்கூட இறக்காமல் அடுப்புக்குப் பக்கத்தில் போனேன்.

"இதுக்குப் போயி நீ இந்தியா வரைக்கும் தூக்கிக்கிட்டு அலையிற. இனிமே வேணாம் லா. வருஷா வருஷம் நானே தேச்சுத் தரேன்."

அப்போதுதான் விளங்கியது. இத்தனை வருடமாக நான் சட்டியை ஊருக்குக் கொண்டு போவது பாலிஷ் போட என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஈயம் என்று நான் சொன்னதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது, மனதில் ஏறவில்லை. அழுக்கைத் தேய்க்க ஒரு பெண் விமானம் ஏறிப் போகிறாளே, பாவம், நாமே தேய்த்துக் கொடுத்தால் அவளுக்கு அலைச்சல் மிச்சம் என்று, சாம்பலும் இரும்பு நாருமாக உட்கார்ந்து என் காவலைச் சுரண்டி எடுத்துவிட்டார். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை.

எவ்வளவு நேரமாகப் பழம் இதில் இருக்கிறது என்று கேட்டேன். காலையில் சீவிச் சட்டியிலேயே போட்டுவைத்து, பாசாருக்குப் போய்வந்து, ஒரு மணி நேரம் முன்புதான் அடுப்பைப் பற்றவைத்தாராம். வெறும் பித்தளையில் பச்சை அன்னாசிச் சாறு பாதிப் பகல் ஊறியிருக்கிறது. கரண்டி நுனியில் தொட்டு நாக்கில் வைத்தேன். முதலில் இனிப்பு. அப்புறம் காசை நக்கின மாதிரி ஒரு துவர்ப்பு, தொண்டை வரை. விளிம்பில் ஜாம் காய்ந்த இடத்தில் லேசாகப் பச்சை.

அடுப்பை அணைத்தேன். சட்டியை வளையத்தோடு தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், வாழைக்கன்றுக்குப் பக்கத்தில் குழி தோண்டி, அவ்வளவு ஜாமையும் கொட்டி மூடினேன்.

அண்ணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல நாளும் அதுவுமாகச் சாப்பாட்டுப் பொருளை மண்ணில் கொட்டுகிறாயே என்று கேட்டார். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஹரி ராயா பெருநாளுக்கு எவ்வளவு பெரிய பித்தளைக் கொப்பரையில் தொதோல் கிண்டுகிறார், உள்ளே மின்னத்தானே செய்கிறது, அதைத் தின்று யார் செத்தார்கள் என்றும் கேட்டார். தொதோல் தேங்காய்ப்பாலும் வெல்லமும், அதில் புளிப்பு இல்லை, இது அன்னாசி என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பது மரியாதைக்கு எழுதுவது. கத்தினேன். அலறினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு, ஆத்திரக்காரிக்கு மட்டும் அதிகமாகவா இருக்கும்? கேட்காமல் ஏன் தொட்டீர்கள் என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டேன்.

அவர் அழவில்லை. "நம்ம வீட்டுச் சட்டியத் தொட நான் யாரக் கேக்கணும்?" என்றார். அந்தக் கேள்வி வேறு என் கோபத்தோடு சேர்ந்துகொண்டது.

5

சாயங்காலத்துக்குள் செய்தி மகளுக்குப் போய்விட்டது. கீர்த்தனா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறாள். முதலில் தினம் விடிவதற்குள் பஸ் பிடித்துப் பாலம் தாண்டிப் போய்வந்தாள். அந்த வரிசையில் நின்று நின்று அலுத்துப்போய், இப்போது அங்கேயே அறை எடுத்து, வார இறுதியில் வருகிறாள். வரவர அதுவும் இல்லை. நான் தமிழில் செய்தி அனுப்பினால் கட்டைவிரல் படம் வரும். ஊரார் பிள்ளைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுக்கிறேன், என் பிள்ளையிடமிருந்து எனக்கு வருவது ஒரு கட்டைவிரல்.

அன்று போன் செய்தாள். "ம்மா, ரிலாக்ஸ் லா. அத்தை ஹெல்ப் பண்ணத்தான் பாத்தாங்க. இட்ஸ் ஜஸ்ட் எ சட்டி."

ஒரு சட்டிதானே. ஒரு ஜாம்தானே. இந்தத் தானே என்ற சொல்லை எவன் கண்டுபிடித்தானோ, அவன் நாக்கில் அந்தப் பச்சை ஜாமைத் தடவ வேண்டும். நான் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து எனக்கு நடந்தது எல்லாம் தானேதான். அட்டையில் என் பெயரில் ஓர் எழுத்துத்தானே மாறியிருக்கிறது, இருக்கட்டும். காலையில் "பசியாறிட்டீங்களா" என்று கேட்டதற்கு எனக்குப் பசியில்லை என்று பதில் சொல்லி, காலைச் சாப்பாட்டைத்தான் இங்கே பசியாறல் என்பார்கள் என்று தெரியாமல் பட்டினி கிடந்தேன், அது சிரிப்புத்தானே. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊர்தானே, வீடியோவில் பார்த்துக்கொள். எல்லாம் சின்னது. எல்லாச் சின்னதையும் ஒன்றாகச் சேர்த்து வைத்தால் அது நான்.

இதையெல்லாம் அவளிடம் சொல்லவில்லை. சரி என்று வைத்துவிட்டேன். சொல்லியிருந்தாலும் கட்டைவிரல்தான் வந்திருக்கும்.

இரண்டு நாளில் வாசலில் ஒரு பெட்டி வந்து நின்றது. கீர்த்தனா போனிலேயே வாங்கி அனுப்பியிருந்தாள். வசந்தி, உன் பட்டியல் இந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது, கேட்டுக்கொள். மூன்றடுக்கு அடி போட்ட எவர்சில்வர் சட்டி, உள்ளே அளவுக் கோடு. கொதிக்கிற ஜாம் தெறித்தால் கையில் படாத அளவுக்கு நீளக் காம்புள்ள மரக்கரண்டி. சர்க்கரையும் பழமும் நிறுக்க ஒரு சின்னத் தராசு. கண்ணளவு என்று ஜம்பம் பேசாதே, ஜாமில் கண்ணளவு செல்லாது. பாட்டிலின் வாயில் ஒழுகாமல் ஊற்ற அகலவாய்ப் புனல். வெந்நீரிலிருந்து பாட்டிலைத் தூக்க இடுக்கி. மூடியோடு கண்ணாடிப் பாட்டில்கள். சூடு பார்க்கிற கருவி ஒன்றும் இருந்தது, அது உனக்கு வேண்டாம். ஒரு தட்டை ஐஸ் பெட்டியில் வைத்துக் குளிரவிட்டு, அதில் ஒரு சொட்டு ஜாம் விட்டு விரலால் தள்ளு. தோல் சுருங்கினால் இறக்கு, ஓடினால் இன்னும் கொதிக்கவிடு. பாட்டிலைக் கொதிநீரில் போட்டெடுத்துக் காயவை, ஈரப் பாட்டிலில் ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும். சூடான பாட்டிலில் சூடான ஜாம். குளிர்ந்த பாட்டிலில் ஊற்றினால் வெடிக்கும். என்னை மாதிரி.

மறுபடி பழம் வாங்கினேன். அந்தப் புதுச் சட்டியில் கிண்டினேன். குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றே கிண்டினேன். ஜாம் அருமையாக வந்தது. அடி பிடிக்கவில்லை, நிறம் மங்கவில்லை, கழுவவும் சுலபம். இதைவிட எரிச்சல் வேறென்ன வேண்டும்?

அண்ணி ஒரு வார்த்தை பேசாமல் வந்து உட்கார்ந்து தார்ட் சுட்டார். நானும் பேசவில்லை. ஜாம் உருட்டி உருட்டித் தட்டில் வைத்தேன், அவர் எடுத்து எடுத்து மாவில் வைத்தார். இரண்டு பேரும் சண்டைக்காரர்கள் என்று அந்தத் தார்ட்டைத் தின்ற யாருக்கும் தெரிந்திருக்காது.

6

தீபாவளியன்று வீடு நிறைய ஆட்கள். இங்கே தீபாவளிக்கு வீட்டைத் திறந்துவிடுவார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, எதிர்வீட்டுச் சீனர் குடும்பம், கணவரோடு வேலை செய்கிறவர்கள், எல்லோரும் வந்துபோவார்கள். கீர்த்தனாவும் முந்தின நாளே வந்துவிட்டாள்.

நான் சமையலறையிலிருந்து தட்டோடு வரும்போதுதான் கவனித்தேன். முன் அறையில், டிவிக்குப் பக்கத்தில், சின்ன மேசையில் பட்டுத் துணி விரித்து அதன்மேல் என் பித்தளைச் சட்டி. உள்ளே பிளாஸ்டிக் பூ. செம்பருத்தியும் ரோஜாவும். அண்ணியின் வேலை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மலாயில் பெருமையாக விளக்கிக்கொண்டிருந்தார், இது தம்பி மனைவி இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சட்டி, இதில்தான் வருடா வருடம் ஜாம் என்று. எனக்கு அப்போது இரண்டும் ஒன்றாக வந்தது. அவர் என்னைத்தான் பெருமையாகச் சொல்கிறார் என்பதும், என் சட்டி பூந்தொட்டியாகிவிட்டது என்பதும்.

மணியம் சிரித்துக்கொண்டே கூடச் சேர்த்தார். "இனிமே அத இந்தியாவுக்குத் தூக்கிக்கிட்டுப் போற வேல இல்ல. புதுச் சட்டி வந்துருச்சு. டிசம்பர் லீவுக்கு வீட்லயே ரெஸ்ட் எடுக்கலாம்."

யாரும் என்னைக் கேட்கவில்லை. வழக்கம்போல் முடிவாகிவிட்டது. நான் தட்டை மேசையில் வைத்தேன். பேசக் கூடாது, ஆட்கள் இருக்கிறார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பேசிவிட்டேன்.

"டிசம்பர்ல நான் ஊருக்குப் போறேன்."

"அதான் சட்டி வந்துருச்சே" என்றார், உண்மையாகவே விளங்காமல்.

"சட்டிக்காக நான் என்னைக்கும் போகல. எனக்காகத்தான் போனேன்."

"அப்ப இத்தன வருஷம் சட்டி, ஈயம்னு சொன்னது?"

"ஊருக்குப் போகணும்னு சொன்னா எதுக்குன்னு கேட்டீங்க. சட்டின்னு சொன்னா சரின்னீங்க. நீங்க எதுக்குத் தலையாட்டுனீங்களோ அதச் சொன்னேன்."

சீனர் வீட்டுக்காரர்களுக்குத் தமிழ் தெரியாது, முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மலாய்க்கார அம்மாவுக்கும் தெரியாது, ஆனால் குரலுக்கு மொழி எதற்கு? தார்ட் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு குனிந்துகொண்டார். மணியம் என்னையே பார்த்தார். பிறகு எழுந்து போய் யாருக்கோ சர்பத் ஊற்றினார். பாதி வெளியே போய் மேசைத் துணியெல்லாம் சிவப்பு. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் கோபம் குறையவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருக்க முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஆட்கள் போன பிறகு சமையலறையில் அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் துடைத்தேன். சண்டையை மறுபடி எடுப்பார் என்று தயாராக இருந்தேன். அவர் குழாயைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நாங்க பொறந்த எஸ்டேட்டு இருந்த எடத்துல இப்ப வெறும் செம்பனதான், அந்த எண்ணெ எடுக்கிற பனதான் நிக்கிது. லயன் வீடு, கோயிலு ஒண்ணும் இல்ல. பஸ்ஸுல போறப்ப எந்த எடம்னுகூட எனக்குத் தெரியல. அதான் எனக்கு வெளங்கல, ஒருத்தி எதுக்கு இப்படிப் போயிப் போயி வரான்னு."

நான் அடுத்த தட்டை எடுத்துத் துடைத்தேன்.

"போய்ட்டு வா. தம்பிகிட்ட நான் பேசிக்கிறேன்."

எனக்கு மறுபடி கோபம்தான் வந்தது. என் பயணத்துக்கு இன்னொருவர் போய்ப் பேச வேண்டுமா? பேச வேண்டாம் அண்ணி, நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். சரி என்று தலையாட்டினார். அவர் என் சட்டியைத் தேய்த்ததற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. நான் அவரிடம் கத்தினதற்குக் கேட்கவில்லை. கழுவின பாத்திரங்களை அடுக்கும்போது மட்டும் ஒரு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு, இது எங்கே இருக்கும் என்று கேட்டார். இத்தனை வருடத்தில் முதல் தடவை. இடத்தைக் காட்டினேன்.

மணியம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது நாள், விமான நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வண்டி எடுக்க வேண்டும் என்று கேட்டார். கீர்த்தனா டிக்கெட்டைப் போனில் எடுத்து அனுப்பினாள். கீழே தமிழில் ஒரு வரி இருந்தது, எழுத்துக்கூட்டி எழுதினது தெரிந்தது: எத்தன நாள் வேணும்னாலும் இருங்க ம்மா. நான் அதற்கு ஒரு கட்டைவிரல் அனுப்பினேன். அவளும் கொஞ்சம் படட்டும்.

வசந்தி, ஜாம் சாமான் பட்டியல் மேலே இருக்கிறது. சட்டி எவர்சில்வரே வாங்கு, அடி மட்டும் கனமாகப் பார்த்து வாங்கு. பாட்டில் நான் கொண்டுவருகிறேன். பித்தளைச் சட்டியைக் கொண்டுவரவில்லை. அது இங்கேயே பட்டுத் துணிமேல் பிளாஸ்டிக் பூவோடு மின்னிக்கொண்டு நிற்கட்டும். விமான நிலையத்தில் இந்தத் தடவை என் பெட்டியைத் திறந்து பார்க்க ஒன்றும் இல்லை. நீயும் வாசலில் நின்றுகொண்டு சட்டி எங்கே அக்கா, என்ன விசேஷம் என்று கேட்காதே. ஒரு விசேஷமும் இல்லை.

சும்மாதான் வருகிறேன்.